மார்பளவுச் சுவர்

படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
முதலீட்டின் கால எல்லை?
இருபது ஆண்டு என்று தட்டச்சு செய்கிறேன்.
பாதி எழுத்தில் மின்சாரம் போகிறது.
பமாக்கோவில் இது நகைச்சுவை அல்ல,
செவ்வாய்க்கிழமை.

காசாபிளாங்காவிலிருந்து கேட்கிறார் லஹ்லூ:
'இரண்டு மனை அனுப்பியிருக்கிறீர்கள், சித்தான்.
எது நிலைக்கும்?'
நெடுநாள் லாபம் என்ற பொருளில் கேட்கிறார்.
எங்களூரில் அந்தச் சொல்லுக்கு
விடிந்த பிறகும் நின்றுகொண்டிருப்பது
என்று மட்டுமே பொருள்.

முதலாவது ஆறு மாடி, நீலக் கண்ணாடி.
மேற்கு வெயிலுக்கு நேரே நெஞ்சு நிமிர்த்திய முகப்பு.
சான்றிதழில் மூன்று பச்சை இலைகள்.
அந்த இலைகளுக்கு உயிர் கொடுப்பது
கொல்லையில் இருமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர்.
டீசல் லாரி வராத வாரம்
லிஃப்டில் சிக்கிய பல் மருத்துவரைக்
கடப்பாரை போட்டு மீட்டார் காவலாளி பக்காரி.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'இதர'வில் சேர்த்தேன்.

இரண்டாவது, ஆற்றுக்குத் தெற்கே,
கஸ்ஸும் எந்திரத்தில் அழுத்தி எடுக்கும் செம்மண் கல்.
சிமெண்ட் கலப்பில்லை, சூளையும் இல்லை.
இரண்டு மாடி, பன்னிரண்டு வீடு வரவேண்டும்.
ஏப்ரல் பகல் மூன்று மணி:
வெளியே நாற்பத்து மூன்று டிகிரி,
மாதிரி அறைக்குள் முப்பத்தொன்று.
விசிறி ஓடவில்லை.
வெப்பமானியை நம்பாமல்
தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

லஹ்லூ மண்ணைத் தேர்ந்தெடுத்தார்.
முதல் தவணை வந்தது.
சுவர் முழங்கால் தொட்டது, இடுப்புத் தொட்டது,
மே மாதம் மார்புக்கு வந்தது.

பிறகு ஒரு விடியலில் வானொலி
செய்தியை நிறுத்திவிட்டு இசையை மட்டும் ஒலித்தது.
அந்த இசை எங்களுக்குப் புரியும்.
எட்டு மணிக்குச் சீருடையில் புதியவர்
பழையவர் சொன்னதையே
வேறு மேசையிலிருந்து வாசித்தார்.
எல்லை மூடியது. வங்கி மூடியது.
ரொட்டிக்கடை மூடவில்லை.

அன்று மாலையே கடிதம்:
'தற்காலிகமாக நிறுத்துவோம்.
வெளியேறும் வழிகள் என்னென்ன?'
விற்பது, கைமாற்றுவது, காத்திருப்பது
என்று மூன்று எழுதினேன்.
முன்பணம் கொடுத்த பன்னிரண்டு குடும்பமும்
எந்த வழியாக வெளியேறும் என்று
அவர் கேட்கவில்லை.
நானும் எழுதவில்லை.
மாதக் கட்டணம் வாங்குகிறவள் நான்.

கஸ்ஸும் வானத்தைப் பார்த்துச் சொன்னான்:
'பட்டாளம் வரும், போகும்.
ஜூன் மழைக்கு அவகாசம் கேட்க முடியாது, மேடம்.
கூரையில்லாத சுவர்
நாலு மழைக்குத் தாங்கும். ஐந்தாவதில் சேறு.'

முதலில் வந்தவள் ஐஸ் விற்கும் நியெலே.
அவள் கொடுத்த முன்பணம்
மூன்று கோடைகாலத்து ஐஸ் கட்டிகள்.
உப்பு மூட்டைகளை அறுத்துத் தைத்த
விரிப்பொன்று கொண்டுவந்தாள்.
பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார்
நடக்காமல் போன தேர்தலின் வினைல் பதாகையை
இருவர் துணையோடு சுமந்துவந்தார்.
சுவர்மேல் போர்த்தியபோது
வேட்பாளரின் புன்னகை குப்புறக் கிடந்தது.
யாரோ சிரித்தார்கள். கயிறு கட்டினார்கள்.
பக்காரி
கண்ணாடி மாளிகையின் ஜன்னல் திரைகளோடு வந்தார்.
எங்கிருந்து என்று நான் விசாரிக்கவில்லை.

மழை இரவு பத்துக்குத் தொடங்கியது.

காலையில் போனேன்.
வடகிழக்கு மூலையில் விரிப்பு விலகி
ஒரு சாண் கரைந்து
செந்நிறமாய் வாசலுக்கு ஓடியிருந்தது.
மற்றது நின்றது.
நியெலே சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள்,
'இதுவும் நம்ம சுவர்தானே' என்றபடி.

நேற்று லஹ்லூ கேட்டார்:
'சொத்தின் இன்றைய மதிப்பு?'
நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன்.
ஒரு மீட்டர் நாற்பது.
வடகிழக்கு மூலையில் மட்டும் ஒன்று இருபது.

அலகு தவறு என்று
கட்டம் சிவப்பாக மாறுகிறது.
திருத்தவில்லை.
மின்சாரம் இருக்கும்போதே
அனுப்பிவிட்டேன்.